ரிப்பீட்டர் பதில் தராதபோது: பொத்தானா, கேபிளா?

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்து, முதல் ஹேண்டியாக, அதாவது கையடக்க வானொலிச் செட்டாக, ஒரு பௌஃபெங் யுவி-5ஆர் வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே வரும் சிக்கல் இது. ரிப்பீட்டரில், அதாவது நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தில், மற்றவர்கள் பேசுவது பளிச்சென்று கேட்கும். நாம் பிடிடியை (பேச அழுத்தும் பொத்தானை) அழுத்திவிட்டு விட்டால் ஒரு சத்தமும் திரும்பி வராது. அப்போது சேனலைச் செட்டின் பொத்தான்களிலேயே அமைப்பதா, கேபிள் மாட்டிக் கணினியில் சிர்ப் மென்பொருள் வழியாக அமைப்பதா என்று கேட்பார்கள். நான் சிர்ப்பில் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்துப் பொத்தானுக்கு வந்தவன். என் ஓட்டு பொத்தானுக்குத்தான்.

சிர்ப்பின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலவசம். 128 சேனலையும் ஒரே அட்டவணையாகப் பார்க்கலாம், பெயர் வைக்கலாம், கோப்பாகச் சேமித்து நண்பருக்கு அனுப்பலாம். பத்துப் பன்னிரண்டு ரிப்பீட்டர்களை ஏற்ற வேண்டுமென்றால் வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் கேபிளே ஒரு தனி வேலை. விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் ப்ரோலிஃபிக் நிறுவன சிப்பின் நகல்தான் இருக்கிறது. விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது; பழைய டிரைவரைத் தேடிப் போட வேண்டும். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் கொஞ்சம் விலை கூடினாலும் இந்தத் தலைவலி இல்லை. அப்புறம், இரண்டு முள் உள்ள அந்த பிளக்கை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தாவிட்டால் செட் பதிலே சொல்லாது. என் முதல் சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது.

சரி, இனி முக்கியமான விஷயம். ரிப்பீட்டர் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: ஆஃப்செட் அல்லது டோன். ரிப்பீட்டர் பேசும் அலைவரிசை ஒன்று, கேட்கும் அலைவரிசை வேறொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆஃப்செட். 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அது வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். 145.700 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டர் பேசினால் நாம் 145.100-ல் அனுப்ப வேண்டும். அதோடு, காதுக்குக் கேட்காத தாழ்ந்த டோன் ஒன்றும் நம் குரலுடன் போக வேண்டும். அந்த டோன் வராவிட்டால் ரிப்பீட்டர் நம்மைக் கண்டுகொள்ளாது. மலைமேல் பெரிய ஆண்டெனாவோடு நிற்கும் ரிப்பீட்டர் நமக்குக் கேட்கிறது என்பதாலேயே 5 வாட் ஹேண்டி அதற்குக் கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த இரண்டில் எது தவறு என்பதைச் செட்டே காட்டிவிடும், அதைப் பார்க்கத் தெரிந்தால். அலைவரிசை முறையில் (சேமித்த சேனல் இல்லாமல் எண்ணை நேராகத் தட்டும் முறையில்) வைத்துக்கொண்டு பிடிடியை அழுத்தினால், திரையில் 145.700 மறைந்து 145.100 வர வேண்டும். எண் மாறவில்லை என்றால் 25-ம் மெனுவில் திசையைக் கழித்தலாக வைக்கவில்லை. 139.700 என்று வந்தால் 26-ம் மெனுவில் 600 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 6 மெகாஹெர்ட்ஸ் போட்டுவிட்டீர்கள். கையை உடனே எடுத்துவிடுங்கள், அது நம் பட்டையே இல்லை. எண் சரியாக மாறியும் பதில் இல்லையென்றால் 13-ம் மெனு, அதாவது அனுப்பும் டோன். சிர்ப்பில் ஏற்றி, 'மலை' என்று பெயர் வைத்த சேனலில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. பிடிடியை அழுத்தினாலும் திரையில் 'மலை'தான் நிற்கும்.

எனக்கு நடந்ததும் அதுதான். மொட்டைமாடியில் நின்று அரை மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மூத்த ஹாம் கைபேசியில் அழைத்தார். அவர் ரிவர்ஸ் போட்டு, அதாவது நட்சத்திரப் பொத்தானைத் தட்டி, ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசையை நேராகக் கேட்டிருக்கிறார். "ஓஎம், உங்க குரல் இன்புட்ல நல்லா வருது. டோனைப் பாருங்க" என்றார். (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் நட்பாக அழைப்பது; இன்புட் என்பது ரிப்பீட்டர் கேட்கும் அந்த அலைவரிசை.) சிர்ப் அட்டவணையில் டோன் என்று தேர்ந்தெடுத்த நான், அது தானாகக் காட்டும் 88.5 ஹெர்ட்ஸ் டோனை மாற்றாமல் விட்டிருந்தேன். மடிக்கணினி கீழே இருந்தது. சேமித்த சேனலில் டோனைத் திருத்தி நிறுத்தவும் முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல அலைவரிசை முறைக்கு மாறி, 25, 26, 13 என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். பிடிடியை விட்டதும் 'கர்ர்' என்று ரிப்பீட்டரின் வால், அதாவது நாம் நிறுத்திய பின்னும் அதிலிருந்து வரும் சிறு சத்தம், கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிர்ப்பில் இன்னொரு பொறியும் உண்டு. டோன் என்பதற்குப் பதில் டிஎஸ்க்யூஎல் என்று தேர்ந்தெடுத்தால், நம் செட்டும் திரும்பி வரும் டோனை எதிர்பார்க்கும். ரிப்பீட்டர் அதை அனுப்பாவிட்டால் நமக்கு எதுவுமே கேட்காது. ரிப்பீட்டர் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

பொத்தானில் சேமிப்பது எரிச்சலான வேலைதான், மறுக்கவில்லை. என் செட்டில் ஒரே சேனலை இரண்டு முறை சேமிக்க வேண்டும். 27-ம் மெனுவில் நாம் கேட்கும் அலைவரிசையைப் போட்டால் 'ரிசீவிங் மெமரி' என்று குரல் வரும். பிறகு நாம் அனுப்பும் அலைவரிசையைத் தட்டி, அதே எண்ணில் மறுபடி சேமித்தால் 'டிரான்ஸ்மிட்டிங் மெமரி' என்னும். இரண்டாவதை மறந்தால் அது ரிப்பீட்டர் இல்லாத நேரடிப் பேச்சுக்கான சேனலாகவே நின்றுவிடும். தவறாகச் சேமித்ததை 28-ல் அழித்துவிட்டுத்தான் மறுபடி போட முடியும். ஆனால் இதை நான்கு முறை செய்தவருக்கு ரிப்பீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது விரலிலேயே ஏறிவிடும்.

நான் கையாண்டவை இந்த யுவி-5ஆர் வகைச் செட்டுகள் மட்டும். டிஎம்ஆர் டிஜிட்டல் செட் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். அவற்றில் நிரப்ப வேண்டியவை மிக அதிகம், கணினி இல்லாமல் கஷ்டம்.

இப்போதும் சிர்ப்பை வைத்திருக்கிறேன். செட்டில் இருப்பதை முதலில் இறக்கிச் சேமிக்க, ஊருக்குப் போகும்முன் அந்தப் பக்கத்து ரிப்பீட்டர்களை மொத்தமாக ஏற்ற. ஏற்றிய பிறகு திரையைப் பெயரிலிருந்து அலைவரிசைக்கு மாற்றிவிடுகிறேன். ஒவ்வொரு ரிப்பீட்டரின் டோனையும் சின்ன ஸ்டிக்கரில் எழுதி பேட்டரியின் முதுகில் ஒட்டியிருக்கிறேன்.