விறகு பாய்லருக்கு வெந்நீர்த் தொட்டி: திறந்ததா, மூடியதா?

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்துப் பண்ணை வீடுகளின் பின்புறத்தில் சிறு தகரக் கொட்டகை போல ஒன்று புகைந்துகொண்டு நிற்கும். வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லர் அது. நடுவில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். சூடேறிய தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்குள் போய், வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்.

தண்ணீர் 82 டிகிரி செல்சியஸை எட்டியதும் காற்றுவழி மூடிக்கொள்கிறது. அங்கேதான் வம்பு. உள்ளே கிடக்கும் விறகு எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் மணிக்கணக்கில் கனலும். அண்டை வீட்டார் சண்டைக்கு வரும் புகையும், உள்சுவரில் கருப்புப் பாகாக வழியும் தாரும் பெரும்பாலும் அந்த நேரத்துச் சரக்கு. விறகை ஒரே மூச்சில் முழு வீச்சில் எரித்து, வெப்பத்தைத் தண்ணீரில் பிடித்து வைத்தால் இந்தக் கனலல் பெரிதும் குறையும்.

பாய்லரிலேயே 1,000 லிட்டர் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். போதாது. காற்றுவழி 75 டிகிரியில் திறந்து 82-இல் மூடுகிறது என்றால், கையில் இருப்பது 7 டிகிரி வித்தியாசம் மட்டுமே. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 8 யூனிட். கடுங்குளிர் இரவில் மணிக்கு 10 யூனிட் கேட்கும் வீட்டுக்கு அது ஒரு மணி நேரம்கூட வராது. ஜெர்மனியில் கையால் விறகு போடும் பாய்லருக்குக் கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் தொட்டி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஆக, தனித் தொட்டிதான். திறந்த தொட்டி என்பது மரச் சட்டமோ உலோகத் தகடோ வைத்துக் கட்டி, உள்ளே ரப்பர் விரிப்பு போட்டது. இதன் பெரிய வசதி, துண்டு துண்டாக நிலவறைப் படிகளில் இறக்கி அங்கேயே பூட்டிக்கொள்ளலாம். வெளிப்புற பாய்லர்களில் பெரும்பாலானவையும் அழுத்தமில்லாத திறந்த வகைதானே, நேராக இணைத்துவிடலாமே என்று தோன்றும். இணைத்தால் மேட்டில் நிற்கும் பாய்லரின் தண்ணீர் நிலவறைத் தொட்டிக்கு இறங்கி வழிந்தோடும். அதனால் பாய்லருக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு வெப்பப் பரிமாற்றி (இரு பக்கத் தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்துவது), தொட்டிக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் இடையே இன்னொன்று. இரண்டு இடத்திலும் சில டிகிரி கப்பம் கட்ட வேண்டும். ஆவியாகும் நீரை அவ்வப்போது நிரப்புவதும் நம் வேலை.

மூடிய தொட்டி என்பது அழுத்தத்தைத் தாங்கும் இரும்புக் கலம். அதற்கு அமெரிக்காவில் பலரும் தேடுவது பழைய புரொப்பேன் எரிவாயுத் தொட்டியை. 1,000 கேலன், அதாவது 3,785 லிட்டர் பிடிக்கும் தொட்டி ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். நிலவறைப் படியில் இறங்காது; தனிக் கொட்டகை கட்டித் தடிமனாக வெப்பக் காப்பு பூச வேண்டும். 10 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குச் சூடேறும்போது அதிலுள்ள நீர் சுமார் 120 லிட்டர் பெருகும். அதை வாங்கிக்கொள்ளப் பெரிய விரிவுத் தொட்டியும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம். குழாய் இணைப்புகளுக்காக வெல்டிங் செய்யும்போது உள்ளே மிஞ்சிய வாயு வெடிக்கலாம் என்பதால், இது பழகியவர் கையில் மட்டும் விட வேண்டிய வேலை.

இவ்வளவு பாடுகளுக்குப் பிறகும் என் ஓட்டு மூடியதற்கே. வீட்டுக் குழாய்களில் ஓடும் அதே தண்ணீர்தான் தொட்டியிலும் இருக்கும். பாய்லர் பக்கம் ஒரே ஒரு பரிமாற்றி போதும். 85 டிகிரிக்குச் சூடேற்றிய அந்தத் தொட்டி, 65 டிகிரிக்குக் கீழே போதிய சூடு தராத சுவரோர ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) உள்ள வீட்டுக்கு 88 யூனிட் தரும். 40 டிகிரி போதும் என்கிற தரைக்கடிக் குழாய் வீட்டுக்கோ 198 யூனிட். ரேடியேட்டர் வீட்டில் சில டிகிரி இழப்பதுகூட மணிக்கணக்கான சூட்டை இழப்பதுதான். தரைக்கடிக் குழாய் போட்டவருக்கு அந்த நெருக்கடி இல்லை. நிலவறையில் இடமும் இருந்தால் அவர் திறந்த தொட்டியையே வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், பாய்லருக்குத் திரும்பும் நீர் 60 டிகிரிக்குக் கீழே போகாதபடி சூடான நீரைக் கலந்துவிடும் கலவை வால்வு ஒன்றைப் போட்டுவிடுங்கள். குளிர்ந்த தொட்டியின் நீர் நேரே பாய்லருக்குள் பாய்ந்தால் உள்சுவர் குளிர்ந்து புகை அதில் படியும்; எதைத் தவிர்க்கத் தொட்டி வைத்தோமோ அந்தத் தார் மறுபடி சுவரில் வழியத் தொடங்கும்.