அனிமோன் சோர்ந்தால் தனித் தொட்டியா, இருந்த இடமா? சுங்கை சிப்புட் சூட்டில் ஓர் அலசல்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும், பூவைப் போன்ற கடல் உயிரியான அனிமோன் சுருங்கி, வெளுத்து, வாயைத் திறந்தபடி கிடந்தால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். தனித் தொட்டிக்கு மாற்று என்பார் ஒருவர், வெளிச்சத்தைக் கூட்டு என்பார் இன்னொருவர். இறால் ஊட்டு, மருந்து போடு, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கு என்று பட்டியல் நீளும். இதில் பாதி, குளிர்நாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்காகச் சொன்னது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட்டில் மத்தியான வெயில் 33 டிகிரியைத் தொடும். தகரக் கூரை வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். இந்தச் சூட்டுக்கு எது ஒத்துவரும் என்றுதான் பார்க்க வேண்டும். நான் சொல்வது நம் வீடுகளில் அதிகம் வளர்க்கும் குமிழ்நுனி அனிமோனைப் பற்றி.

முதலில், அது உண்மையிலேயே சோர்வுதானா? அனிமோன் அவ்வப்போது உள்ளிருக்கும் நீரையும் கழிவையும் வெளியேற்றிச் சுருங்கும், சில மணி நேரத்தில் மறுபடி உப்பும். அதை அப்படியே விட்டுவிடலாம். வாய் மூடாமல் உள்சதை பிதுங்கி நின்றாலோ, பாறையைப் பிடிக்கும் அடிப்பாகமான கால் பிடிவிட்டு மிதந்தாலோதான் கவலை.

தனித் தொட்டியின் பக்கம் இருக்கும் முக்கியமான வாதம், அனிமோன் செத்தால் பெரிய தொட்டி கெடாது என்பது. அது உண்மைதான். செத்த அனிமோன் வேகமாக அழுகி, அம்மோனியாவை ஏற்றி, மீனையும் பவளத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். ஆனால் நம் ஊரில் இருபது லிட்டர் தொட்டி என்பது அடுப்பில் வைத்த சட்டி மாதிரி. மத்தியானம் சூடேறும், ராத்திரி இறங்கும். நீர் ஆவியாகி உப்பும் ஏறும். கழிவை உடைக்கும் பாக்டீரியாவும் புதுத் தொட்டியில் இருக்காது. பாறையிலிருந்து பிய்த்து எடுக்கும்போது கால் கிழிந்தால், இருந்த நோயோடு புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

என் ஓட்டு இருந்த இடத்துக்குத்தான். பாறையைப் பிடித்திருக்கும் வரை தொடாதீர்கள். கால் விட்டு மிதந்தால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பசாரில் விற்கும் ஓட்டைப் பிளாஸ்டிக் கூடைக்குள் ஒரு சின்னப் பாறையை வைத்து, அனிமோனை அதில் விட்டு, பெரிய தொட்டிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள். அதே நீர், அதே வெப்பம். தொட்டி நீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கரில் சிக்கி அரைபடும் பயமும் இல்லை. அனிமோனுக்குள் ஒண்டி வாழும் நீமோ மீன் ஓயாமல் உரசித் தொல்லை கொடுப்பதும் நிற்கும். சதை கரைந்து நாற்றம் வந்துவிட்டால் மட்டும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் நீர் மாற்றி, நீரைச் சுத்தப்படுத்தும் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

சில்லரா, விசிறியா? இங்கேதான் பணம் பேசும். சின்ன சில்லர்கூடப் பல நூறு வெள்ளி. விசிறி அதில் கொஞ்சம்தான். விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆவியான அளவுக்கு தினமும் உப்பில்லாத ஆர்ஓ நீர் (வடிகட்டிச் சுத்திகரித்த நீர்) ஊற்ற வேண்டும், இல்லையேல் உப்பு ஏறிவிடும். சில்லர் சொன்ன டிகிரியில் நிறுத்தும், ஆனால் எடுத்த சூட்டை அதே அறைக்குள் கக்கும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்தால் காசு வீண்.

25 டிகிரி வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை. நம் கிழக்குக் கரைத் தீவான தியோமான் பக்கத்துக் கடலே வழக்கமாக 28, 29 டிகிரி. அசையாத 28, பகலில் 30 ராத்திரி 25 என்று ஆடுவதைவிட மேல். ஆனால் 31-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் அனிமோனின் சதைக்குள் வாழும் பாசி வெளியேறி, அது வெளுத்துப் போகும். பவளத்துக்கும் இதே கதைதான். 2010-இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடவே வேண்டியிருந்தது. விசிறி போட்டும் மத்தியானம் 30-க்குக் கீழே வராத வீடு என்றால், கையைக் கடித்தாலும் சில்லர்தான்.

வெளுத்த அனிமோனுக்கு வெளிச்சமா, சாப்பாடா? சாப்பாடு. பாசி இல்லாத சதைமேல் வெளிச்சத்தைக் கொட்டினால் சுடத்தான் செய்யும். விளக்கைக் குறைத்து, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள். வாய் மூடியிருக்கும் நாளில் மட்டும், பட்டாணியைவிடச் சிறிதாக நறுக்கிய இறாலை வாரம் இரண்டு மூன்று முறை கொடுங்கள். பெரிய துண்டு கொடுத்தால் கக்கிவிடும், நீரும் கெடும். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

மருந்து என்றால் பொதுவாகச் சொல்வது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். அது பாக்டீரியாவுக்கு, சூட்டில் வெளுத்ததற்கு ஒன்றும் செய்யாது. மலேசியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் முடியாது. புதிதாக வாங்கி வந்தது நாள்தோறும் உப்பிச் சுருங்கி உருக்குலைந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். மருந்து போடும் நேரத்துக்குத் தனித் தொட்டி வேண்டித்தான் இருக்கும். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.

மாற்றும் நீருக்கு, பேராக் கரையில் இருக்கும் லூமுட் கடலா, உப்புத்தூளா? லூமுட்டில் ஆற்றுமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. மழைக்குப் பிறகு அள்ளிய நீரில் உப்பு குறைந்திருக்கும், சேறும் கலந்திருக்கும். சோர்ந்த அனிமோனுக்கு ஆர்ஓ நீரில் உப்புத்தூள் கலந்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டிய பிறகு, ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள்.