−5-ஐ எட்டு பிட்டில் எழுத மூன்று முறைகள்: எது மேல், ஏன்?

கணினியின் நினைவகத்தில் கழித்தல் குறி கிடையாது. 0, 1 இரண்டுதான்; ஒரு 0 அல்லது 1 நிற்கும் இடம்தான் பிட். அப்புறம் குறை எண்ணை எப்படி எழுதுவது? தனிநிலைக் கணிதத்தில் (discrete mathematics) இதற்கு மூன்று முறைகள் படிக்கிறோம். பெரும்பாலும் செய்முறையை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த கணிதம் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

முதலாவது, குறி-அளவு முறை. இடது ஓரத்து பிட் குறி, மற்ற ஏழும் அளவு. 5 என்பது 00000101, −5 என்பது 10000101. பார்த்ததும் படித்துவிடலாம். ஆனால் இரண்டையும் அப்படியே கூட்டிப் பாருங்கள்: 10001010, அதாவது −10! சரியான விடை வேண்டுமென்றால் கணினியின் மின்சுற்று முதலில் குறிகளைப் பார்த்து, எது பெரிது என்று ஒப்பிட்டு, பிறகு கழிக்க வேண்டும். 1954-இல் வந்த ஐபிஎம் 704 கணினி இந்த முறையில்தான் இயங்கியது.

இரண்டாவது, 1-இன் நிரப்பி. எல்லா பிட்டையும் புரட்டினால், அதாவது 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றினால் போதும். −5 என்பது 11111010. இதோடு 5-ஐக் கூட்டினால் 11111111 வரும். அதுவும் பூஜ்ஜியம்தான், 00000000-உம் பூஜ்ஜியம்தான். −5-உடன் 7-ஐக் கூட்டினால் ஒன்பதாவது இடத்தில் ஒரு 1 வழியும். அதை எடுத்து வலது ஓரத்தில் கூட்டினால்தான் 2 கிடைக்கும். 1964-இன் அதிவேகக் கணினியான சிடிசி 6600 இப்படித்தான் கணக்குப் போட்டது.

மூன்றாவது, 2-இன் நிரப்பி. புரட்டி 1 கூட்ட வேண்டும். −5 என்பது 11111011. 7-ஐக் கூட்டி, வழியும் 1-ஐ விட்டுவிட்டால் நேரடியாக 2. அதே 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசை இதை எடுத்துக்கொண்டது.

வழியும் 1-ஐ ஒரு முறையில் கூட்டுகிறோம், இன்னொன்றில் தூக்கிப் போடுகிறோம். ஏன்? எட்டு பிட்டையும் புரட்டுவது, 255-இலிருந்து கழிப்பதுதான். 255 − 5 = 250; அதன் இரும வடிவம் 11111010. ஆகவே 1-இன் நிரப்பி என்பது 255-ஆல் வகுத்த மீதியைக் கொண்டு செய்யும் கணக்கு. அந்தக் கணக்கில் 255-உம் 0-வும் ஒன்றே, அதனால்தான் இரண்டு பூஜ்ஜியங்கள். ஒன்பதாவது பிட்டின் மதிப்பு 256; அதை 255-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 1-ஐத்தான் வலது ஓரத்தில் கூட்டுகிறோம்.

2-இன் நிரப்பியோ 256-ஆல் வகுத்த மீதி. −5-க்கு 256 − 5 = 251. இங்கே ஒன்பதாவது பிட்டின் மீதி 0, விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது. சமானத் தொடர்பு படித்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகும்: 256-ஆல் வகுத்தால் ஒரே மீதி தருபவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்தால் முழு எண்கள் எல்லாம் 256 சமான வகுப்புகளாகப் பிரிகின்றன, −5-உம் 251-உம் ஒரே வகுப்பு. எந்தப் பெயரில் வாசிக்கிறோம் என்பது நம் விருப்பம். அதனால் குறியுள்ள எண், குறியில்லாத எண் இரண்டுக்கும் ஒரே கூட்டல் மின்சுற்று போதும். என் கணிப்பில் முழு எண்களுக்கு இந்த முறைக்குப் போட்டியே இல்லை. சி++ நிரல் மொழியும் 2020 பதிப்பிலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

இதற்கும் ஒரு குறை உண்டு. எல்லை −128 முதல் 127 வரை. −128-க்கு இணையான மிகை எண் இல்லை. 10000000-ஐப் புரட்டி 1 கூட்டினால் மறுபடி அதே 10000000. எண்ணின் தனி மதிப்பை (குறியை விட்ட அளவை) கண்டுபிடிக்க நிரல் எழுதுபவர்கள் இந்த ஓர் எண்ணைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மற்ற இரண்டும் அழிந்துவிடவில்லை. தசமப் புள்ளி எண்களுக்கான 1985-இன் ஐஇஇஇ 754 தரத்தில் குறிக்குத் தனி பிட் உண்டு. அங்கே −0 இன்றும் வாழ்கிறது. இணையப் பொட்டலங்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்புத் தொகை, 16 பிட்டில் 1-இன் நிரப்பிக் கூட்டல். ஐபிவி4-இல் (இணைய முகவரி நெறிமுறையின் நான்காம் பதிப்பு) தரவை அனுப்பப் பயன்படும் யூடிபி நெறிமுறை இரண்டு பூஜ்ஜியங்களையுமே வேலை வாங்குகிறது: எல்லாம் 0 என்றால் தொகை கணக்கிடப்படவில்லை என்று பொருள், கணக்கிட்டும் பூஜ்ஜியம் வந்தால் எல்லாம் 1 என்று அனுப்புகிறார்கள்.