ஆத்தங்குடித் தரைக்கு என்சைம் திரவம்: கொடுத்த காசுக்கு வேலை செய்கிறதா?

வெளியே போய்ப் பழகிய பொமரேனியனோ டாஷண்டோ திடீரென்று வளவுக்குள்ளேயே (முற்றத்தைச் சுற்றிய உள்கூடம்) ஒன்றுக்குப் போக ஆரம்பித்தால், காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முதலில் கைக்கு வருவது பினாயில் பாட்டில். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் மறுபடி ஈரம். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. போதாததற்கு, பினாயில் ஈரத்தில் மிதித்த காலை நாய் நக்கும். இதற்கு மாற்றாகச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும், நாற்றப் பொருளையே சிதைக்கும் என்சைம் திரவம் நல்ல பொருள்தான், தரையை அறிந்து பயன்படுத்தினால்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. அதனால் மூத்திரம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கும், இணைப்புகளில் இன்னும் ஆழமாக. அமிலம் பட்டால் பளபளப்பு செத்துவிடும். வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் ஆகாது. பழத்தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் புளிக்கவைக்கும் ‘பயோ என்சைம்’ இங்கே பலர் வீட்டில் இருக்கிறது. அதுவும் நல்ல புளிப்பு, இந்தத் தரைக்கு வேண்டாம். பளிங்குக்கும் இதே கதைதான். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

சில லேபிள்களில் ‘யூரிக் அமிலத்தைச் சிதைக்கும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். டால்மேஷியன் தவிர்த்த பெரும்பாலான நாய்கள் யூரிக் அமிலத்தை உடம்புக்குள்ளேயே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அமிலம் சேர்க்காதது, வாசனை குறைந்தது போதும்.

பயன்படுத்தும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பழைய வேட்டித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முன்பே பினாயில் போட்ட இடமென்றால் வெறும் தண்ணீரால் இரண்டு முறை கழுவிக் காயவிட்ட பிறகே திரவம்; கிருமிநாசினி மிச்சமிருந்தால் என்சைமும் அதோடு வரும் நுண்ணுயிரும் வேலை செய்யாது. வெந்நீரும் கூடாது. நாலு தடவை பீய்ச்சிவிட்டு நகர்வது வீண். மூத்திரம் எவ்வளவு தூரம் இறங்கியதோ அவ்வளவு தூரம் திரவமும் இறங்க வேண்டும். 50 மி.லி. தேங்கிய இடத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஊற்றினால் 500 மி.லி. பாட்டில் ஏழெட்டு இடத்துக்கு வரும். நம் ஊர் வெயிலில் அது கால் மணியில் காய்ந்துவிடும், காய்ந்தால் வேலை நின்றுபோகும். ஃபேனை நிறுத்தி, நனைந்த துணி போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். புதுக் கறைக்கு அரை மணி, பழசுக்கு ஒரு ராத்திரி. வண்ணக் கல் என்பதால் முதலில் மூலையில் சோதித்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் தரையில் எண்ணெய்ப் படலம் திரவத்தை உள்ளே விடாது. நாற்றம் போகும்வரை அந்த இடத்தில் எண்ணெய்த் துடைப்பை நிறுத்திவையுங்கள். தேக்குத் தூண் அடியில் ஊற்றவே கூடாது. துணியில் நனைத்து ஒற்றி, உடனே காயவிடுங்கள்.

பழைய கறையைத் தேட 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் உதவும். 395-ல் ஊதா வெளிச்சம் அதிகம், கறை மங்கும். சோப்புத்தூள் மிச்சமும் ஒளிரும் என்பதால் மோந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

திரவத்தால் ஆகாத வேலை ஒன்று உண்டு: காரணத்தைத் தீர்ப்பது. தூண் அடியில், அரை அடி உயரத்தில் கொஞ்சமாகத் தெளித்திருந்தால் அது ஆண் நாய் எல்லை குறிப்பது. விசேஷத்துக்கு ஆட்கள் கூடும்போது அதிகமாகும். சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கிப் போனால் தொற்றோ கல்லோ இருக்கலாம். முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், உயிருக்கு ஆபத்து. தூங்கிய இடம் நனைந்திருந்தால், குறிப்பாகக் கருத்தடை செய்த பெண் நாயென்றால், மூத்திரத்தை அடக்கும் தசை தளர்ந்திருக்கலாம். பெரிய குளமாகத் தேங்கினால் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள்: 5 கிலோ நாய் ஒரு நாளில் அரை லிட்டரைத் தாண்டினால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் இப்படிச் செய்யும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். காலையில் முதல் மூத்திரத்தைச் சுத்தமான டப்பாவில் 5 மி.லி. பிடித்துச் சீக்கிரம் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இது நடந்தால், காரணம் முற்றம்தான். மேலே வானம் தெரிவதால் நாய்க்கு அதுவும் வெளிதான். அங்கே போனதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்தது வளவு. மழை விட்ட இடைவெளியில் கயிறு கட்டி வாசலுக்கு அழைத்துப் போய், முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் கொடுங்கள். உறிஞ்சும் ஷீட்டுகள் கிழட்டு நாய்க்கும் நோயாளி நாய்க்கும் சரி. நல்ல நாய்க்கு விரித்தால் வீட்டுக்குள் போக நாமே அனுமதி கொடுத்ததாகிவிடும்.