போஸ்ட்கிரெஸ் 18, போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ்: காலத்தோடு மாறும் நிலத்தரவை எவ்வளவு தாங்கும்?

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நீரைப் பாதைப்படகில்தான் கடக்க வேண்டும். 2008இல் கிண்ணியாவிலிருந்து ஒரு நோயாளியைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு எந்த வழியால் கொண்டுவந்திருப்பார்கள் என்று இன்றைய வீதிப் படத்தைக் கேட்டால், பாலத்தின் மேலால் என்று தவறாகச் சொல்லும். வருடத்துக்கு ஒரு ஷேப்பைல் (வரைபடத் தரவுக் கோப்பு) என்று அடுக்கி வைத்தாலும் தீராது. எது எந்த நாளில் மாறியது என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருள்களைச் சேர்த்தே மதிப்பிடுகிறோம்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதற்கு இடத்தரவைக் கையாளும் திறன் தரும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சி, வரைபடம் காட்டும் கியூஜிஐஎஸ். ஒரு மாவட்டத் தரவுக்கு 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேமிக்கவும் கேள்வி கேட்கவும் போஸ்ட்கிரெஸ், போஸ்ட்ஜிஐஎஸ் சோடியை நம்பலாம். கியூஜிஐஎஸ்ஸின் காலக் கட்டுப்பாட்டுப் பலகை கண்ணால் பார்ப்பதற்கு மட்டும். அதை வைத்து எண்ணிக்கையோ பரப்பளவோ எடுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

அட்டவணை அமைக்கும்போது பொருளுக்கு ஒரு நிரை என்ற பழக்கத்தை விட்டு, பொருளின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிரை கொடுங்கள். ஐந்து நிரல்கள் போதும்: நிரைக்கென்று ஒரு தொடர் எண், பொருளின் மாறாத அடையாள எண், வடிவம், தொடங்கிய திகதி, முடிந்த திகதி. பாலம் திறந்த நாளில் பாதைப்படகு வழியின் நிரை மூடப்படும், பாலத்தின் நிரை தொடங்கும். திகதிகள் இரண்டையும் டேட்ரேஞ்ச் என்ற கால இடைவெளி வகையாக்கினால், @> குறி அந்த நாள் அதற்குள் அடங்குகிறதா என்றும், && குறி இரு காலங்கள் ஒன்றில் ஒன்று படிகின்றனவா என்றும் சொல்லும்.

இடைவெளியை எப்போதும் [ ) முறையில் எழுதுங்கள்: தொடக்கம் சேரும், முடிவு சேராது. டேட்ரேஞ்ச் வகையில் [2012-01-01, 2012-12-31] என்று எழுதினாலும் அது தானாகவே [2012-01-01, 2013-01-01) என்று மாற்றிக்கொள்ளும். நேரமும் சேர்ந்த டிஎஸ்டிஇசட்ரேஞ்ச் அப்படி மாற்றாது. அங்கே 2012-12-31 என்றால் அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு. கடைசி நாள் முழுவதும் கைவிட்டுப் போகும். இன்னும் நடப்பிலுள்ள நிரையின் முடிவை வெறுமையாக விடுங்கள், 'இன்ஃபினிட்டி' என்று எழுத வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அப்பர்_இன்ஃப் செயற்பாடு வெறும் எல்லைக்கு மட்டுமே ஆம் என்று சொல்லும். ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்தால் 'இன்று நடப்பிலுள்ளவை' பட்டியலில் கொஞ்சம் காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது.

2025 செப்டெம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 18ஆம் பதிப்பில், நிரையைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலேயே வித்அவுட் ஓவர்லாப்ஸ் (காலங்கள் ஒன்றில் ஒன்று படியக்கூடாது) என்று எழுதலாம். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரே நாளில் இரண்டு எல்லைகளைப் பதியப் பார்த்தால் தரவுத்தளமே மறுத்துவிடும். அடையாள எண் முழு எண்ணாக இருந்தால் முன்னரே பீட்ரீ_ஜிஸ்ட் நீட்சியை நிறுவியிருக்க வேண்டும். வேறோர் அட்டவணையின் நிரையைச் சுட்டும் வெளிச் சாவிக்கும் பீரியட் என்ற சொல் வந்திருக்கிறது. பிரிவே இல்லாத காலத்துக்கு அதன்கீழ் ஒரு வீட்டைப் பதிய அது விடாது. குறைகளும் உண்டு. கேஸ்கேட் (தாய் நிரையின் மாற்றத்தைப் பிள்ளை நிரைகளுக்கும் தானாகக் கொண்டுபோவது) இல்லை, ஆகவே தாய் நிரையின் காலத்தைச் சுருக்குமுன் பிள்ளை நிரைகளை நீங்களே சரிசெய்ய வேண்டும். காலத்தின் ஒரு துண்டை மட்டும் மாற்றும் கட்டளையும் இந்தப் பதிப்பில் கிடையாது. நடுவிலிருந்து ஒரு வருடத்தைத் திருத்த வேண்டுமானால் பழைய நிரையை மூடி, திருத்திய துண்டைச் சேர்த்து, மிச்சக் காலத்தை மூன்றாவது நிரையாகச் சேருங்கள். மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கட்டும். கழித்தல் குறியால் வெட்டப் பார்த்தால், விடை தொடர்ச்சியாக இல்லை என்று நின்றுவிடும். அதற்கு 14ஆம் பதிப்பில் வந்த, பல காலத் துண்டுகளை ஒன்றாக வைக்கும் மல்டிரேஞ்ச் வகை வேண்டும்.

ஆனாலும் சிறிய அலுவலகங்களுக்கு எங்கள் பரிந்துரை பழைய வழிதான்: இரு திகதி நிரல்களையும் அப்படியே வைத்து, அவற்றை டேட்ரேஞ்ச் ஆக்கும் கோவையின் மீது, முரண்படும் நிரையை மறுக்கும் எக்ஸ்க்ளூட் கட்டுப்பாடு. 9.2 தொடக்கம் எல்லாப் பதிப்பிலும் ஓடும், கியூஜிஐஎஸ்ஸும் திகதிகளை நேரே வாசிக்கும். பலர் அதே கட்டுப்பாட்டுக்குள் வடிவத்தையும் && உடன் போட்டு, பக்கத்துப் பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் காவல் வைக்கப் பார்க்கிறார்கள். அது சரிவராது. அங்கே ஒப்பிடப்படுவது வடிவத்தைச் சுற்றிய செவ்வகப் பெட்டி மட்டும். கிண்ணியாவின் பெட்டியும் தம்பலகாமத்தின் பெட்டியும் எப்படியும் வெட்டும், சரியான எல்லைகூட உள்ளே போகாது. எஸ்டி_ரிலேட் செயற்பாட்டுக்கு '2********' என்ற வார்ப்பைக் (இரு வடிவங்களின் உட்பகுதிகளும் பரப்பாகப் படிகின்றனவா என்பது) கொடுத்துச் சோதிக்கும் ட்ரிகர்தான் (நிரை சேரும்போது தானாக ஓடும் செயற்பாடு) சரியான காவல்.

நேரத்தைப் பதியும்போது இலங்கைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 1996 மே 25இல் நாட்டு நேரம் +6:30 ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் +6:00. 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பவும் +5:30. ஆகவே உலக நேரம் 00:58:53க்கு நிகழ்ந்த 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் இங்கே காலை 6:58:53. எல்லாவற்றுக்கும் +05:30 என்று எழுதி வைத்த தரவுத்தளம் அதை 6:28 என்று காட்டும். மறுபக்கம், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சனங்கள் சொன்ன கடிகார நேரத்தை உலக நேரமாக மாற்றும்போது அலை அரை மணித்தியாலம் பிந்தி வந்ததாகப் பதிவாகும். சுனாமித் தரவில் இந்த அரை மணித்தியாலம் சின்ன விஷயமல்ல. நேர வலயம் சேர்ந்த டைம்ஸ்டாம்ப் வகையைப் பயன்படுத்தி, வலயத்தை எண்ணாக அல்லாமல் ஆசியா/கொழும்பு என்ற பெயராகக் கொடுங்கள். பழைய மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

இடத்துக்கும் அதேபோல் ஒன்று. ஆள்கூற்று முறைகளுக்கான ஈபிஎஸ்ஜி குறியீட்டுப் பட்டியலில் இலங்கையின் பழைய கண்டவளை வலைக்கூடு 5234, 1999இன் வலைக்கூடு 5235. தொடக்க ஆள்கூறு முன்னதில் 200,000 மீட்டர், பின்னதில் 500,000. மாறிக் கொடுத்தால் இரு திசையிலும் 300 கிலோமீட்டர் தள்ளி விழும், உடனே கண்ணில் படும். டேட்டம் (ஆள்கூறுகளுக்கு அடிப்படையான புவி மாதிரி) மாற்றத்தைத் தவறவிட்டால் வரும் விலகல் சில நூறு மீட்டருக்குள் நின்றுவிடுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும், கரையரிப்பு என்றே அறிக்கையில் ஏறும். இரு காலப் படைகளிலும் கோணேசர் கோயில் மலையை முதலில் ஒப்பிடுங்கள். மலை இடம் மாறியிருந்தால் கரையோரக் கணக்கைத் தொடங்கவே வேண்டாம்.

கியூஜிஐஎஸ்ஸுக்குக் காலக் கட்டுப்பாட்டுப் பலகை 2020இன் 3.14ஆம் பதிப்பில் வந்தது. படையின் பண்புகளில் டெம்போரல் பக்கத்தைத் திறந்து, தொடக்கமும் முடிவும் தனித்தனி நிரல் என்ற தெரிவை எடுத்து, தொடக்கம் சேர்த்து முடிவு தவிர்க்கும் எல்லையைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. முடிவு வெறுமையாக இருந்தால் இன்னும் நடப்பில் என்றே எடுத்துக்கொள்ளும். பொருளின் அடையாள எண்ணைத் தனித்துவ நிரலாகக் காட்டிவிட்டால் ஒரே எண் பல நிரைகளில் வருவதால் வடிவங்கள் குழம்பும். தொடர் எண் நிரல் வைக்கச் சொன்னது இதற்குத்தான். படிநிலையை ஒரு வருடமாக வைத்தால் 2009இன் சட்டத்தில் பாதைப்படகும் பாலமும் சேர்ந்தே தெரியும், ஏனென்றால் அந்த வருடத்தைத் தொடும் எல்லாமே வரையப்படும். அதை எண்ணினால் இரட்டைக் கணக்கு. எண்ண வேண்டியதை @> குறியோடு ஒரு குறித்த நாளுக்குத் தரவுத்தளத்திடம் கேளுங்கள்.

கொட்பே துறைமுகத்திலிருந்து போகும் படகுகளின் ஜிபிஎஸ் தடங்களுக்கு இந்த அமைப்புப் பொருந்தாது. புள்ளிக்கு ஒரு நிரை என்று அட்டவணை வீங்கிவிடும். பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மொபிலிட்டிடிபி நீட்சி ஒரு பயணம் முழுவதையும் ஒரே பெறுமதியாக வைக்கும். மிக நல்ல கருவி, ஆனால் இயல்பாகவே இரு புள்ளிகளுக்கிடையே நேர்கோடு போடும். உள்துறைமுகத்தில் கடைசிச் சமிக்ஞை, மூன்று மணித்தியாலத்தின் பின் பின்குடாவில் அடுத்தது என்றால் படகு நகரத்துக்குள்ளால் போனதாகிவிடும். தடத்தை ஆக்கும்போதே இவ்வளவு நேரத்துக்கோ தூரத்துக்கோ மேல் இடைவெளி வந்தால் துண்டாக்கு என்று வரம்பு கொடுங்கள். பாகையில் வைத்த டிஜியோம்பாயின்ட் வகையில் வேகத்தைக் கேட்டால் செக்கனுக்கு இத்தனை பாகை என்று வரும். மீட்டரில் வேண்டுமானால் டிஜியோக்பாயின்ட், அதை 1.944ஆல் பெருக்கினால் நொட்.

கந்தளாய்க் குளத்தின் நீர்ப்பரப்பு மூன்றாவது வகை. 1986 ஏப்ரல் 20இல் அணைக்கட்டு உடைந்தது ஒரு நாளுக்குரிய நிகழ்வு; அதற்குத் தனி அட்டவணை. நீர்ப்பரப்போ நாங்கள் இடையிடையே பார்க்கும் ஒன்று. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் தருகிறது, வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் முகில் மறைத்துவிடும். ஒரு படத்தின் பரப்பை அடுத்த படம் வரும்வரை செல்லுபடியாக நீட்ட வேண்டாம். பார்த்த நாளை மட்டும் பதிந்து, கேட்ட நாளுக்கு மிக அண்மையான படத்தை எடுத்து, இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்பதை விடையின் பக்கத்திலேயே ஒரு நிரலாகக் காட்டுங்கள். வான்கதவு பற்றி முடிவெடுப்பவர் பரப்பளவைப் பார்க்கும்போதே அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.