ஷண்டிங் யார்டில் வேகனைக் கழற்ற: காந்தமா, குச்சியா?

1:87 அளவான எச்ஓ மாதிரி ரயில் லேஅவுட்டில், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு கட்டுகிறவர்கள் தண்டவாளம் பதிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று, வேகன்களை எதைக் கொண்டு கழற்றுவது என்பது. மாட்டுவதில் பிரச்சினையே இல்லை; வேகன்களை இணைக்கும் கேடீ (Kadee) வகை கப்ளிங் லேசாக இடித்தாலே பூட்டிக்கொள்ளும். கழற்றத்தான் இரண்டு வழி: தண்டவாளங்களுக்கு நடுவில் காந்தம், அல்லது கையில் மெல்லிய மூங்கில் குச்சி. இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு நான் குச்சிக்கு வந்துவிட்டேன்.

காந்தம் வேலை செய்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கப்ளிங்கின் அடியில் தொங்கும் வளைந்த கம்பியை அது பக்கவாட்டில் இழுக்கிறது. காந்தத்தின் மேல் நிறுத்தி, இன்ஜினைத் துளி பின்னுக்குத் தள்ளினால் கொக்கிகள் திறந்துகொள்ளும். கொஞ்சம் முன்னே இழுத்து மறுபடி தள்ளினால், பூட்டிக்கொள்ளாமலே வேகனை வேண்டிய இடம்வரை தள்ளி விட்டுவிட்டு வரலாம்.

ஆனால் பராமரிப்பு என்று வரும்போது என் மனசு மாறிவிடுகிறது. அந்தக் கம்பி தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 0.8 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்தால், தடம் பிரியும் பாயிண்ட்டில் சிக்கி வேகனைத் தடம் புரட்டும். உயர்ந்தால் காந்தம் பிடிக்காது. 30 வேகன் என்றால் 60 கம்பி. ஒரு வேகனுக்குச் சக்கரம் மாற்றினாலே உயரம் மாறிவிடும். மறுபடி உயரம் பார்க்கும் கேஜ், மறுபடி இடுக்கி. இரும்பு அச்சு உள்ள வேகன் என்றால் காந்தம் அதையும் தன் பக்கம் இழுத்து, தானாக நகர வைக்கும். போகிற வழியில் இருக்கும் நிலைக்காந்தத்தின் மேல் ரயில் கொஞ்சம் தயங்கினாலும் போதும், நடுவில் பிரிந்துவிடும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் இழுக்கும் மின்காந்தம் இந்தக் கடைசித் தொல்லையைத் தீர்க்கும், கம்பி உயரத்தை அல்ல. அதையும் நான் கொஞ்ச காலம்தான் வைத்திருந்தேன்.

குச்சிக்கு இதெல்லாம் கிடையாது. இன்ஜினைத் துளி தள்ளி இறுக்கத்தைத் தளர்த்தி, இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் மேலிருந்து நுனியை விட்டு கால் சுற்று திருப்பினால் போதும். வரிசையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பிரிக்கலாம். அதற்காகக் காந்தம்வரை இழுத்துப் போக வேண்டியதில்லை. வேகன் மட்டும் பஞ்சு மாதிரி இருக்கக் கூடாது, குச்சி பட்டதும் உருண்டுவிடும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி 15 செ.மீ. வேகனுக்குச் சுமார் 113 கிராம் எடை. அந்த எடையில் நன்றாக நிற்கிறது.

கை எட்டுவதுதான் குச்சியின் எல்லை. 60 செ.மீ.க்கு அப்பால் உள்ள தடம், மேலே மின்கம்பி, முன்னால் கட்டடம் என்றால் தினமும் போராட்டம்தான். 1:160 அளவான ‘N’ ஸ்கேலில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே குச்சிக்கு இடமே குறைவு என்பதால் காந்தம் ஜெயிக்கலாம். மூன்றே சைடிங் (பக்கத் தடம்) கொண்ட, 8 வேகன் போதுமான இங்கிள்நுக் என்ற, வேகன்களை வரிசைப்படுத்தும் ஷண்டிங் புதிருக்கும், ஒவ்வொரு சைடிங்கின் வாயிலும் ஒரு காந்தம் வைத்தால் சமாளிக்கலாம்.

குச்சிதான் என்று முடிவாகிவிட்டால் அந்தக் கம்பிகளை வெட்டி எறியலாம். பாயிண்ட்டில் சிக்குவது அன்றோடு தீரும். ஆனால் கை எட்டாத பின்வரிசைத் தடத்தில் ஒரு மின்காந்தம் வைக்கும் எண்ணம் இருந்தால், அங்கே போகும் வேகன்களின் கம்பியை விட்டுவையுங்கள். வெட்டிய பிறகு காந்தத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் கப்ளிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.