ஹஸ்கி குட்டி வாங்கவிருப்பவர்கள் கவனத்திற்கு: ஒரு போலித் தடுப்பூசி அட்டையின் கதை

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஹஸ்கி நாய்க்குட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சைபீரியக் குளிரில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த, இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட இந்த இனத்தை நம் கடற்கரைப் புழுக்கத்தில் வளர்ப்பது நியாயமா என்று பல நாட்கள் யோசித்தோம். ஓர் அறைக்கு ஏசி பொருத்தி, விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்வது என்று முடிவு செய்த பிறகுதான் தேடத் தொடங்கினோம். நாயைப் பற்றி அவ்வளவு படித்தும், விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்ஸ்டாகிராமில் கிடைத்த புதுச்சேரி விற்பனையாளர், குட்டிக்கு 60 நாள் ஆகிவிட்டது, 45ஆம் நாளில் முதல் தடுப்பூசி போட்டாயிற்று, கண் நீல நிறம் என்பதால் ஐயாயிரம் கூடுதல் என்று சொல்லி 38,000 ரூபாய் கேட்டார். தாயைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, “தாய் வெளியூர்ப் பண்ணையில இருக்கு அண்ணா, இந்த வெயில்ல நீங்க எதுக்கு அலையணும், நானே கொண்டுவந்து குடுத்துடறேன்” என்றார். அக்கறையாகச் சொல்கிறார் என்று நம்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரியாங்குப்பத்தில் சாலையோரமாக, அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் குட்டியைக் கொடுத்தார். கூடவே ஒரு தடுப்பூசி அட்டையையும் கொடுத்து, நாயின் இனத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் பின்னால் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மகள் அதற்கு முகில் என்று பெயர் வைத்தாள். முதல் இரவு முழுவதும் அவள் கையை விட்டு அது அகலவில்லை. மறுநாள் மாலை உணவைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் வாந்தி தொடங்கி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் கண்டது. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதித்த கால்நடை மருத்துவர், சில நிமிடங்களிலேயே பார்வோ வைரஸ் என்று உறுதி செய்தார். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடிய தொற்று அது.

அதன் பிறகு அவர் சொன்னவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன. வைரஸ் உடலில் புகுந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்றரை நாளில் படுத்துவிட்ட குட்டி, வாங்குவதற்கு முன்பே தொற்றுக்கு ஆளாகியிருக்க வேண்டும் என்றார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28ம் ஏறக்குறைய முளைத்து முடிந்திருக்கும். முகிலுக்குப் பின்வரிசைப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. வயது ஐந்து வாரத்தைத் தாண்டாது என்றார். அப்படியானால் அட்டையில் குறித்திருந்த தேதியில் அது மூன்று வாரக் குட்டி. அந்த வயதில் எந்த மருத்துவரும் பார்வோவுக்கான இந்தத் தடுப்பூசியைப் போட மாட்டார். மருந்துக்குப்பியிலிருந்து உரித்து ஒட்ட வேண்டிய, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சிறு ஒட்டுத்தாள் அட்டையில் இல்லை. முத்திரையில் மருத்துவரின் பதிவு எண் இல்லை. கூடுதல் விலை கொடுத்த நீலக் கண்ணும் அந்த வயதில் பெரும்பாலான குட்டிகளுக்கு இருப்பதுதானாம். நிறம் பின்னால்தான் நிலைக்கும்.

நான்கு நாட்கள் குளுக்கோஸ் ஏற்றினோம். சனிக்கிழமை விடியற்காலையில் முகில் இறந்துவிட்டது.

விற்றவரை அழைத்தபோது, நாங்கள் தயிர்ச்சோறு கொடுத்ததால்தான் வயிறு கெட்டது என்றார். பற்களைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறியது. பாதி விலைக்கு அன்று மாலையே வேறு குட்டி தருவதாகச் சொன்னார். துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதற்குச் சம்மதித்துவிடக்கூடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அந்த வைரஸ் வீட்டிலும் மண்ணிலும் பல மாதங்கள், சில நேரம் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். தரையை 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு ப்ளீச் கலந்து துடைக்கலாம். தோட்டத்து மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய இயலாது. தடுப்பூசிகள் முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்திருந்தால் அதையும் சாகக் கொடுத்திருப்போம். மறுத்ததும் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் குட்டிக்குத் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாயும் குட்டிகளும் ஒன்றாக இருக்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் தருகிறேன் என்பவரிடம் அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டுங்கள். தடுப்பூசி உண்மையாகவே போடப்பட்டிருந்தாலும் ஓர் ஊசியோடு பாதுகாப்பு முழுமையாகாது. 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும்.

ஜிபே ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், அட்டை, மருத்துவர் எழுதிக்கொடுத்த வயதுக் குறிப்பு ஆகியவற்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கவிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. உங்களிடம் உள்ள அட்டையும் இதே போல ஒட்டுத்தாளும் பதிவு எண்ணும் இல்லாமல் இருந்தால், குட்டி நலமாகத் தெரிந்தாலும் நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.